ஸ்டூல் உயரத்தில் ஒரு வண்டி

முட்டை வண்டியை இனிமேல் செய்யப்போவதில்லையாம். முடிவெட்டுகிறவர் சொன்னதாக அத்தான் சொன்னார். முடிவெட்டுகிறவருக்கு அதைச் சொன்னவர், அவரிடம் தாடி மழிக்க வருகிற யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவரின் சகலை, கப்பலிலிருந்து வண்டிகளை இறக்கிவைக்கும் இடத்தில் வாயில்காவல் பார்க்கிறாராம். கடைசியாக வந்து இறங்கியதில் முட்டை ஒன்றுகூட இல்லையாம். எல்லாமே ஆள் உயரத்துக்கு நிற்கிற வண்டிகளாம்.

இத்தனை வாய் தாண்டி வந்த செய்தியை வேறு ஏதாவது விஷயத்தில் கேட்டிருந்தால் அத்தான் சிரித்திருப்பார். அன்று கழுத்தில் ஒட்டியிருந்த முடியைக்கூடத் தட்டிவிடாமல் நேராக என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றார்.

"மச்சான், இப்ப என்ன பண்றது?"

"எதுக்கு அத்தான்?"

"முட்டைய நிறுத்திட்டா?"

"நேத்துதானே முட்டை வேணாம்னு சொன்னீங்க."

"நேத்து வேணாம்னேன். இன்னைக்குக் கிடைக்காதுங்கறாங்களே."

முட்டை என்பது அந்தக் காருக்கு என் அக்கா வைத்த பெயர். முன்பக்கமும் பின்பக்கமும் உருண்டு, நடுவில் கொஞ்சம் உப்பி இருக்கும். சதுரமாக, பெரிய ஜன்னல்களோடு நின்ற இன்னொன்று பெட்டி. நீளமாகத் தட்டையாகக் கிடந்தது செருப்பு. கம்பெனிக்காரர்கள் வைத்த நிஜப் பெயர்கள் எங்கள் மூவர் வாயிலும் மூன்று விதமாக வந்தன. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாமல் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்ட பிறகு, அக்கா வைத்த பெயர்கள்தான் நிலைத்தன. விற்பனைக் கூடத்துக்குப் போனபோதும் அத்தான், "அந்த முட்டையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க" என்றுதான் கேட்டார்.

அத்தான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். கடையின் பின்புறம் ஜன்னலில்லாத சிறிய அறை. எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. வருகிறவரின் மூக்கில் கனமான உலோகச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி எடுத்து, "இது நல்லாத் தெரியுதா... இல்ல, இது நல்லாத் தெரியுதா? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பார். அந்த இருட்டில் அவர் குரலுக்கு ஒரு தனி நிதானம் உண்டு. எவ்வளவு முரடனும் அங்கே பள்ளிப்பிள்ளை போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொல்வான். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. 'ஒண்ணா ரெண்டா' என்றால் தெரியும். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

அவருடைய தொழிலில் ஒரு கறாரான விதி இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டுக்குமேல் காட்டவே மாட்டார். மூன்று காட்டினால் மனிதன் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவான் என்பார். இன்னொன்றும் உண்டு. வந்தவர் தடுமாறி, "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு சார்" என்று சொல்கிற கட்டம் வரும். மற்றவர்கள் அதைக் குழப்பம் என்று நினைப்பார்கள். அத்தானுக்கு அதுதான் முடிவு. அதற்குமேல் மாற்ற ஒன்றுமில்லை, அந்தக் கண்ணுக்கு உரிய எண் அதுவே என்று அர்த்தம். அப்போது மெல்லச் சிரித்துவிட்டு விளக்கைப் போடுவார்.

அடுத்தவர் கண்ணுக்கு இப்படி அலுக்காமல் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், தன் வீட்டுக்கு எதையுமே தேர்ந்தெடுத்ததில்லை. வீடு, மெத்தை, திரைச்சீலை, அவர் போட்டிருக்கும் சட்டை, எல்லாம் அக்கா கை வைத்தது. இந்தக் காரில்தான் அவள் கையை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"எனக்கு எதுக்குக் கார்? நான் எங்கயும் போகப்போறதில்ல" என்றாள்.

அங்கேதான் சிக்கல். அக்காவுக்கு இடது முட்டியை மாற்றி வைத்திருந்தார்கள். அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியை ஒட்டிய பயிற்சிக் கூடத்துக்கு விடாமல் போக வேண்டும். காலை மடக்கிவிடும் இயந்திரம் அங்கேதான் இருந்தது, வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அங்கிருந்த பிசியோ அம்மா நயமாகப் பேசத் தெரியாதவர். "முட்டி இப்ப மடங்கக் கத்துக்கணும். இப்ப விட்டுட்டா, பிறகு நீங்க கெஞ்சினாலும் மடங்காது" என்று சொல்லியிருந்தார்.

அத்தானின் பழைய கார் தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் உட்காருவது கிணற்றில் இறங்குவது போல. என் வண்டி சாமான் ஏற்றுகிற ரகம். அதில் ஏற ஏணி வேண்டும். வாடகைக் காரில் போனார்கள். போனது நன்றாகத்தான் போயிற்று, ஆஸ்பத்திரி வாசலில் இறங்க முடியவில்லை. பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஒலி எழுப்ப, ஓட்டுநர் ஒரு அக்குளிலும் அத்தான் ஒரு அக்குளிலும் கைகொடுத்து அவளைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "மெதுவா, மெதுவா" என்று தன் பங்குக்கு உத்தரவு போட்டார்.

அன்று திரும்பி வந்தவள், "மூட்டை மாதிரி என்னை இறக்கி வெச்சாங்க" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு போகவில்லை. வீட்டிலேயே பயிற்சி செய்துகொள்கிறேன் என்றாள். அந்தப் பயிற்சி என்னவென்றால், தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போது காலை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, நிகழ்ச்சி தொடங்கியதும் இறக்கிவிடுவது.

அவள் தானாக ஏறி, தானாக இறங்குகிற மாதிரி ஒரு கார் வேண்டும். கிடைத்தால் அவள் போவாள், முட்டி மடங்கும். அத்தானுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் அவர் ஸ்டூலைக் கண்டுபிடித்தார்.

ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டே சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார். நீல நிற ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா யாரையும் கூப்பிடாமல் எழுந்து அடுப்புப் பக்கம் போனாளாம். சோபாவிலிருந்து எழ "என்னங்க" வேண்டும். கட்டிலிலிருந்து எழ "என்னங்க" வேண்டும். ஸ்டூலிலிருந்து எழ மட்டும் எந்த 'என்னங்க'வும் வேண்டியிருக்கவில்லை. வாயில் நுரையோடு எனக்குப் போன் செய்தார்.

"உயரம்தான் மச்சான் விஷயம். சீட்டு இந்த ஸ்டூல் உயரத்துல இருக்கணும். அவ்வளவுதான் கணக்கு."

"அப்ப டேப் எடுத்து அளந்துட்டுப் போங்க."

"டேப்பா? டேப்ல நம்பர்தான் தெரியும். நம்பரை வெச்சு நான் யாருக்காவது கண்ணாடி குடுத்திருக்கேனா? பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

ஆகவே எங்களோடு ஸ்டூலும் கார் பார்க்கப் புறப்பட்டது.

விற்பனைக் கூடத்தின் தரை, நம் முகம் தெரியும்படி பளபளத்தது. கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. உயரக் குதிகால் செருப்பு போட்ட விற்பனைப் பெண் ஒருத்தி எங்களை நோக்கி வந்தாள். அத்தான் கையில் தொங்கிய ஸ்டூலைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. யாரோ எங்களை முன்பு ஒருமுறை நிற்கவைத்துக் காக்கவைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள் போல.

"சார், உக்கார உள்ள நாற்காலி போட்டிருக்கோம் சார்."

"இது உக்கார இல்லம்மா. ஒப்பிட்டுப் பாக்க."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு, "பாருங்க சார்" என்றாள். நல்ல பெண்.

அத்தான் பெட்டியின் திறந்த கதவருகே ஸ்டூலை வைத்து, குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்து வண்டியில் உட்கார்ந்தார். மறுபடி ஸ்டூல். "ஒண்ணு" என்றார். மறுபடி வண்டி. "ரெண்டு" என்றார். சற்றுத் தள்ளிக் குடும்பத்தோடு நின்ற ஒருவர் விற்பனைப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஸ்டூல் வண்டியோடு இலவசமா என்று விசாரித்தார். எந்த நிறமெல்லாம் இருக்கிறது என்றும் கேட்டார்.

அவளும் தன் பங்குக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டாள். எத்தனை பேர் போவீர்கள், தூரப் பயணமா, ஊருக்குள்ளேயா, எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள்.

"கையைக் கடிக்காம இருக்கணும்" என்றார் அத்தான். "மத்தபடி எனக்கு உயரம் மட்டும் சொல்லு."

"கியரோட வேணுமா சார், கியர் இல்லாமயா? கியர் இல்லாததுன்னா விலை கொஞ்சம் கூட."

"கியர் போட எனக்குக் கை இருக்கு, மிதிக்கக் கால் இருக்கு. அதுக்கு எதுக்குக் காசு?"

முட்டையில் அவள் ஒரு சின்ன நெம்புகோலை இழுத்துக் காட்டினாள். ஓட்டுநர் இருக்கை மெல்ல மேலெழுந்தது. அத்தான் முகம் மலர்ந்தது. சுற்றிப் போய் அடுத்த இருக்கைக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார்.

"அந்தப் பக்கம் கிடையாது சார். ஓட்டறவங்க சீட்டுக்கு மட்டும்தான்."

"அட. எனக்கு எதுக்கும்மா அது? நான் நல்லாத்தானே இருக்கேன்."

அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தன் தொழிலின் விதிப்படி அத்தான் வண்டிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டார். பெட்டியா, முட்டையா? உயரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் பெட்டியின் வாசற்படி தடுக்கும், காலைத் தூக்கி வைக்க வேண்டும். முட்டை. முட்டையா, செருப்பா? செருப்பு கொஞ்சம் தாழ்வு, ஆனால் அதன் கதவு ஒரு வீட்டுக் கதவு போல அகலமாகத் திறக்கும், விலையும் குறைவு. செருப்பு. சரி, செருப்பை எடுத்துவிடலாம் என்று ஸ்டூலைத் தூக்கினவர், மனது கேட்காமல் செருப்பையும் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். செருப்பின் தாழ்வு இப்போது பள்ளமாகத் தெரிந்தது. பெட்டி. ஆனால் பெட்டியைத்தான் முட்டை ஏற்கெனவே தோற்கடித்துவிட்டதே.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் வந்து நின்றார். விற்பனைப் பெண் குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றாள்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கண்ணை நான் பாத்ததே இல்ல மச்சான்" என்றார் வீடு திரும்பும்போது, மடியில் ஸ்டூலை வைத்துக்கொண்டு. "சுத்திச் சுத்தி வருது."

அக்கா இதைக் கேட்டுவிட்டு, "ஊருக்கெல்லாம் ஒண்ணா ரெண்டான்னு கேட்டவருக்கு மூணாவது ஒண்ணு வந்து மாட்டிச்சு" என்றாள். "அந்த ஸ்டூலைக் கழுவி வைங்க. கண்ட தரையில எல்லாம் வெச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க."

இப்படிச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் முடிவெட்டும் கடைச் செய்தி வந்து விழுந்தது. அது ஒருவகையில் நல்லதுதான். கிடைக்காமல் போய்விடும் என்றதும் முட்டைதான் எல்லாவற்றிலும் உசத்தியாக அத்தானுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கே விற்பனைப் பெண்ணிடம் போய்க் கேட்டோம்.

"நிஜமாவே நிறுத்தறாங்களாம்மா?"

"எனக்குத் தெரியாது சார். எங்களுக்குத்தான் எல்லாம் கடைசியாச் சொல்லுவாங்க." கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "இப்ப எங்ககிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு கியரோட, ஒண்ணு கியர் இல்லாம. கியரோட இருக்கறதை நாளை சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன். அதுக்கு முன்ன மேடம் ஒரு தடவை உக்காந்து பாத்துடட்டும். நான் வண்டியை வீட்டுக்கே எடுத்துட்டு வரேன். ஓட்டிப் பாக்கறதுக்கு எங்ககிட்ட இருக்கறது கியர் இல்லாததுதான், ஆனா சீட்டு ரெண்டுலயும் அதேதான்."

அடுத்த நாள் காலை முட்டை வந்து வாசலில் நின்றது. அக்கா வர மாட்டேன் என்பாள் என்று பயந்துகொண்டிருந்தோம். அவளோ சேலைக்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு தானே வாசலுக்கு வந்துவிட்டாள். ஒரு பெண் பிள்ளை இவ்வளவு தூரம் வண்டியைக் கொண்டுவந்திருக்கிறாள், உட்காராவிட்டால் மரியாதையாக இருக்காது என்றாள்.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். முனகல் இல்லை, "என்னங்க" இல்லை. அத்தான் என்னைப் பார்த்த பார்வையில், விளக்கைப் போடப் போகிறவரின் சிரிப்பு இருந்தது. அத்தான் ஓட்ட, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். கதவைத் திறந்து, இரண்டு காலையும் வெளியே தரையில் ஊன்றி, அக்கா எழப் பார்த்தாள்.

எழ முடியவில்லை.

மறுபடி முன்னால் சாய்ந்தாள். இடுப்பு இருக்கையைவிட்டுக் கொஞ்சம் எழும்பி, பொத்தென்று விழுந்தது. அவளுடைய வலது கை காற்றில் எதையோ தேடியது. கதவுக்கு மேலே இருந்த பிடியைக் காட்டினோம். பிடித்தாள், தோள்பட்டை இழுத்ததும் விட்டுவிட்டாள். அத்தான் ஓடிப்போய் ஸ்டூலைக் கொண்டுவந்து கதவருகில் வைத்தார். குந்தினார், ஒரு கண்ணை மூடினார். ஸ்டூலும் சீட்டும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரம்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றார்.

நான் கைகொடுக்கப் போனேன். அக்கா, "யாரும் என்னைத் தொடாதீங்க" என்றாள். ஆஸ்பத்திரி வாசல் எங்கள் மூவருக்கும் ஞாபகம் வந்தது. விற்பனைப் பெண்ணுக்கு அது தெரியாது. அவள் அக்காவின் வலது பக்கம் போய் நின்று, தன் முன்கையை ஒரு மரச்சட்டம் போல விறைப்பாக நீட்டினாள். அக்கா அதைப் பிடிக்கவில்லை. அதன்மேல் உள்ளங்கையை ஊன்றி, அமுக்கி, எழுந்து நின்றாள்.

எல்லோரும் உள்ளே போனோம். அத்தான் ஸ்டூலை அதன் பழைய இடத்தில், சமையலறை மேசைக்கு அருகில் வைத்தார். அக்கா களைத்துப்போய் அதில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், வந்த பெண்ணுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்று எழுந்தாள். சாதாரணமாக, யாரையும் கூப்பிடாமல்.

நான் அவள் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பனைப் பெண் வேறெங்கோ பார்த்திருக்கிறாள்.

"அங்க மேசை இருக்குல்ல சார்" என்றாள்.

நாங்கள் திரும்பினோம். அக்காவின் வலது கை மேசை விளிம்பிலேயே இருந்தது. அந்த இடத்தில் பெயின்ட் கொஞ்சம் தேய்ந்தும் போயிருந்தது. அக்காவே அதைப் புதிதாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

அத்தான் ஸ்டூலை எடுத்துச் சமையலறையின் நட்டநடுவில், கைக்கு எதுவும் எட்டாத இடத்தில் போட்டார். "உக்காரு" என்றார். உட்கார்ந்தாள். "எந்திரி" என்றார். அவள் முயன்றாள். பிறகு தன்னை மறந்து, "என்னங்க" என்றாள்.

கைகொடுத்து எழுப்பிவிட்டு, அத்தான் அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் அவர் தூக்கிக்கொண்டு அலைந்தது பாதி அளவைத்தான். மீதிப் பாதி மேசையாகச் சமையலறையிலேயே நின்றுவிட்டது. பெட்டி, முட்டை, செருப்பு என்று அவர் சொன்ன தீர்ப்பு எல்லாமே வேறு யாருடைய கண்ணுக்கோ போட்டுப் பார்த்த எண் போல ஆகிவிட்டது.

"மேசையை எப்படி மச்சான் காருக்குள்ள வைக்கறது?" என்று என்னிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

"கார்ல அமுக்கி ஊன்ற ஒரு இடம்னா ஸ்டியரிங் ஒண்ணுதான் இருக்கு" என்றாள் விற்பனைப் பெண், தண்ணீரைக் குடித்துவிட்டு. அவளும் பேச்சுவாக்கில்தான் சொன்னாள்.

அக்கா கைத்தடியை எடுத்தாள். வாசலுக்கு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போவதற்குள் ஓட்டுநர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள். விற்பனைப் பெண் குனிந்து நெம்புகோலைத் தூக்கினாள். இருக்கை எழுந்தது. அக்கா கால்களை வெளியே வைத்துத் திரும்பினாள். இந்த நாட்டில் ஓட்டுகிறவர் வண்டியின் இடது பக்கம் உட்காருவதால், இப்போது ஸ்டியரிங் சக்கரம் அவளுடைய வலது கைக்கு நேராக, சமையலறை மேசை இருந்த அதே இடத்தில் இருந்தது. ஊன்றினாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"அக்கா, சூப்பர்" என்றாள் விற்பனைப் பெண். மேடம் போய் அக்கா வந்திருந்தது.

மூன்றாம் முறை உட்கார்ந்தவள் எழவில்லை. கால்களை உள்ளே எடுத்துக்கொண்டாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கையால் தொட்டு, தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு, பின்னால் தெருவைப் பார்த்தாள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களில் முதலில் லைசென்ஸ் வாங்கியவள் அக்காதான். நானும் அத்தானும் சாலையின் எந்தப் பக்கம் நம் பக்கம் என்று குழம்பிக்கொண்டிருந்த காலத்தில், அவள் எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறாள். பிறகு இடது முட்டி வலிக்க ஆரம்பித்து, கிளட்சை மிதிக்க முடியாமல் போயிற்று. அதைவிடப் பெரிய காரணம் அத்தான் என்பாள். "நான் ஓட்டினா அவர் பக்கத்துல உக்காந்து தரையில பிரேக் போடுவாரு. எனக்கே எந்தப் பிரேக் என்னோடதுன்னு தெரியாம போயிடும்." அப்படியே விட்டுவிட்டாள். நாங்களும் மறந்துவிட்டோம்.

வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பும்போது விற்பனைப் பெண், "சாயங்காலம் நானே கூப்பிடறேன் சார். கியரோடவா, கியர் இல்லாமயா, இல்ல ரெண்டும் வேணாமா, ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கியர் இல்லாததை வேற ஒருத்தரும் கேட்டுட்டுப் போயிருக்காரு" என்றாள். அவள் சொன்னது மூன்று. அத்தான் திருதிருவென விழித்தார்.

அன்று பகல் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டோம்.

"அப்ப நான் எங்க உக்காருவேன்?" என்றார் அத்தான்.

"பக்கத்துல" என்றாள் அக்கா.

"வலிக்கிற காலை வெச்சுக்கிட்டு நீ ஓட்டிப் போறதா?"

"வலிக்கிறது இடது கால். கியர் இல்லாத வண்டியில அந்தக் காலுக்கு வேலையே இல்ல. சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கும். உங்களை மாதிரி."

"கியரோட இருக்கறது மலிவு."

"வாங்குங்க. அதுல பக்கத்து சீட்டுல என்னை உக்காரவெச்சு, இறங்கற இடத்துல எல்லாம் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லுங்க."

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவள் ஓட்டலாமா கூடாதா என்று தெரியாமல் எந்த வண்டியை வாங்குவது? பிசியோ அம்மாவுக்குப் போன் போட்டேன். விவரத்தைப் பொறுமையாகக் கேட்டார். இடது கால்தான் என்றால் ஓட்டுவதற்குத் தடை இருக்காது என்று தோன்றுகிறது, ஆனால் முட்டியைப் பார்க்காமல் வாயால் சொல்ல மாட்டேன், ஒரு தடவை இங்கே வரச் சொல்லுங்கள் என்றார்.

"எப்படி வர்றது?" என்றேன்.

"கார்லதான்" என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு இதை அப்படியே சொன்னேன். கார் வாங்க அங்கே போக வேண்டும், அங்கே போகக் கார் வேண்டும். அத்தான் தலையில் கைவைத்துக்கொண்டார். அக்கா சிரித்தாள். முட்டி மாற்றியதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பயம் இன்னும் கொஞ்சம் கூடியது. அவள் ஆசைப்பட்டுவிட்டாள். இப்போது வேண்டாம் என்று சொன்னால், மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள்.

"நீயே சொல்லு" என்றார் அத்தான் அவளிடம். "எந்த வண்டி? நீதானே எப்பவும் எல்லாத்தையும் பாத்து எடுப்பே."

"நான் என் கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன். நீங்க பக்கத்துல உக்காருவீங்களா, தரையில பிரேக் போடாம? அது உங்களுக்குத்தான் தெரியும். அதை எந்த ஸ்டூலை வெச்சும் அளக்க முடியாது."

அந்தி வெளிச்சம் சமையலறை ஜன்னலில் மங்கிக்கொண்டு வந்தது. அத்தான் எழுந்து விளக்கைப் போடப் போனார். பாதி வழியில் நின்று, போடாமலே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மேசையின்மேல் இருந்த அவருடைய போன் அதிர்ந்து, மணியடிக்கத் தொடங்கியது. திரையில் கண்ணாடியில்லாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில் 'முட்டைப் பொண்ணு' என்று வந்தது. அவர்தான் அப்படிச் சேமித்து வைத்திருக்கிறார். அவர் கை போனை நோக்கிப் பாதி தூரம் நீண்டு நின்றது.

அக்கா மேசை விளிம்பில் வலது கையை ஊன்றினாள். ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள்.

"என் லைசென்ஸை எங்க வெச்சீங்க?"

"எது?"

"லைசென்ஸ். தேதி இன்னும் இருக்கான்னு பாக்கணும். நீங்கதானே வாங்கி உள்ள வெச்சீங்க."

அத்தான் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வேகமாகப் படுக்கையறைப் பக்கம் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நான் போனை எடுக்கக் கை நீட்டினேன்.

"நீ எடுக்காத" என்றாள் அக்கா. "அவர் வந்து சொல்லட்டும்."

"அதுக்குள்ள கட்டாயிடும்க்கா. வேற ஆளு கேட்டிருக்காருன்னு சொன்னாளே."

"வரட்டும்."

போன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து, அவள் கை ஊன்றியிருந்த தேய்ந்த இடத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது. உள்ளேயிருந்து இழுப்பறைகளை இழுத்து மூடும் சத்தமும், காகிதங்கள் சரியும் சத்தமும் வந்தன. பிறகு அத்தானின் குரல், கண் பரிசோதிக்கும் அறையில் ஒலிக்கும் அதே நிதானத்தோடு:

"மேல இருக்கிற டிராயரா, கீழ இருக்கிற டிராயரா?"

அக்கா கதவுப் பக்கம் திரும்பினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.